வாகனக் கேள்வி பதில்: ஷாஃப்ட் கப்ளிங் தேய்ந்தால் மாற்று எங்கே, எப்படி?

1996 மாடல் மெர்சிடஸ் ஈ-கிளாஸ் டீசல் வைத்திருக்கிறேன். முதல் கியரில் கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று அடிக்கிறது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கப்ளிங் பிளந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். கடைகளில் கேட்டால் "அந்த வண்டிக்கு இப்ப வர்றதில்ல சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எப்படித் தேடுவது? — வாசகர், கோவை

கிடைக்கும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டதால்தான் இல்லை என்றிருக்கிறார்கள். உங்களுடையது டபிள்யூ124 வரிசை. 1995-இல் புணேயில் ஒருங்கிணைக்கத் தொடங்கிய அதே வண்டி, ஜெர்மனியில் லட்சக்கணக்கில் ஓடியது. கப்ளிங் எனப்படும் அதன் ரப்பர் வட்டுகளை இன்றும் தயாரிக்கிறார்கள். ஆனால் இந்த வட்டு ஒரே மாடலுக்கென்று செய்யப்படுவதல்ல. பல மாடல்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே மாடலுக்குள் பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று பார்த்தால் வட்டு மாறிவிடும். போதாக்குறைக்கு, முன்னால் கியர் பாக்ஸ் பக்கம் ஒன்று, பின்னால் டிஃபரன்ஷியல் பக்கம் ஒன்று என இரண்டு வட்டுகள் உண்டு. இரண்டும் ஒரே அளவு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

முதலில் சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து நிறுவனத்தின் பாகப் பட்டியலில் தேடினால் சரியான எண் வரும். மெர்சிடஸ் பாக எண்ணில் முதல் மூன்று இலக்கம் மாடல், அடுத்த இரண்டு பிரிவு. அந்த இடத்தில் 41 இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் சுழல் தண்டு) சம்பந்தப்பட்டது. உங்கள் வண்டிக்கான வட்டின் எண் 124-இல் தொடங்காமல் வேறு மாடல் எண்ணில் தொடங்கினாலும் திகைக்க வேண்டாம். பகிர்ந்துகொள்ளும் பாகம் என்பதால் அப்படி. எண் கையில் இருந்தால் சென்னை ஜி.பி. ரோட்டிலோ டெல்லி காஷ்மீரி கேட்டிலோ உள்ள மொத்தக் கடைக்காரர், ஃபெபி, மெய்லே, லெம்ஃபோர்டர் போன்ற மாற்றுத் தயாரிப்புகளில் அதற்கு இணையான எண்ணைத் தேடி எடுத்துவிடுவார். பவேரியாவின் வால்ட்கிரைபுர்கில் இயங்கும் எஸ்.ஜி.எஃப். நிறுவனம் இந்த வட்டுகளுக்கென்றே பெயர் பெற்றது, பி.எம்.டபிள்யூ., மெர்சிடஸ் தொழிற்சாலைகளுக்கே கொடுத்தவர்கள். ரப்பரில் அந்த முத்திரை பதிந்திருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். கடையில் கேட்கும்போது 'ஃப்ளெக்ஸ் டிஸ்க்', 'டிஸ்க் ஜாயின்ட்', 'கிய்போ', 'ரப்பர் கப்ளிங்' என நான்கு பெயரையும் சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பெயரில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

எண் கிடைக்காவிட்டால் அளவு எடுத்துத் தேடலாம். பிளந்த வட்டு கோணிப்போயிருக்கும் என்பதால் அதை அளக்காமல், அது பூட்டப்படும் மூன்று கையுள்ள இரும்புப் பிளாஞ்சை வெர்னியர் அளவுகோலால் அளப்பது நல்லது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் உள் விளிம்புக்கு உள் விளிம்பு தூரத்தோடு ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டினால் மையத்துக்கு மையம் வரும். அதை 1.155-ஆல் பெருக்கினால் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். உதாரணத்துக்கு 78 மி.மீ. வந்தால் 90 மி.மீ. வட்டம். கடையில் புது வட்டை எடுத்துக் காட்டும்போது, அதில் எதிரெதிராக இருக்கும் இரண்டு துளைகளின் மையத் தூரம் அதே 90 இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு அதில் சரிபாதி, 45. இதோடு போல்ட்டின் தடிமன் (10 மி.மீ.யா, 12 மி.மீ.யா), ரப்பரில் அல்லாமல் துளைக்குள் பதித்த இரும்புப் புஷ்ஷில் (குழாயில்) அளந்த கனம், நடுத் துளையின் விட்டம் மூன்றையும் பாருங்கள். கனத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் "வாஷர் போட்டுக்கலாம்" என்று சொல்லும் கடையிலிருந்து நடையைக் கட்டுங்கள். அந்த வாஷர் ஷாஃப்ட்டின் மையத்தைத் தள்ளிவிடும்.

பழைய ஸ்டாக்கில் ஒரு ஆபத்து உண்டு. ரப்பர் அலமாரியில் இருந்தபடியே முதுமை அடையும். வட்டை இரு கையாலும் வளைத்துப் பிடித்து, துளை ஓரங்களில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துளையில் ஒரு போல்ட்டை இறுக்கமாகச் செருகித் திருகும்போது புஷ் மட்டும் தனியாகச் சுற்றினால், ரப்பரோடு ஒட்டாத போலிச் சரக்கு.

அதே வட்டை மாட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? போன முறை மாற்றியது ஒரே வருடத்தில் போய்விட்டது. — வாசகர், ஈரோடு

ஒரே வருடத்தில் போனதென்றால் வட்டைக் குறை சொல்லாதீர்கள். அதைக் கொன்றது வேறு ஏதோ. முதல் சந்தேகம் எஞ்சின், கியர் பாக்ஸ் மவுன்டிங் மேல். ரப்பர் அமுங்கிப்போனால் கியர் பாக்ஸின் வால் கீழே இறங்கி ஷாஃப்ட்டோடு கோணம் உண்டாகும். இந்த வட்டு கோணத்தைச் சமாளிக்க வந்ததல்ல, உலுக்கலை விழுங்க வந்தது; ஓரிரு டிகிரிக்கு மேல் நிரந்தரக் கோணம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து ரப்பருக்குள் இருக்கும் நூல் அறுந்துவிடும். இரண்டாவது, ஷாஃப்ட் முனையில் இருக்கும் மையப் புஷ். அது தேய்ந்தால் ஷாஃப்ட்டை நடுவில் பிடிக்கும் வேலையையும் ரப்பரே செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது, கியர் பாக்ஸின் பின் ஆயில் சீல். எண்ணெய் சொட்டினால் ரப்பர் ஊறிப் பஞ்சுபோல் ஆகிவிடும். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டை எப்படியும் இறக்குகிறீர்கள். இரண்டு வட்டு, சென்டர் பேரிங், அதன் ரப்பர் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுவதுதான் கணக்குக்குச் சரி. கூலி இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

வேலை இப்படி நடக்கும். வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது. சைலன்சர் குழாயும் அதன் மேல் இருக்கும் வெப்பத் தகடும் வழி மறிக்கும், அவற்றை இறக்குங்கள். ஷாஃப்ட்டின் இரு பாதிகளுக்கும் பிளாஞ்சுகளுக்கும் வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றியவர்கள்தான் பிறகு அதிர்வு வருகிறது என்று எழுதுகிறார்கள். ஷாஃப்ட்டின் நடுவில் இருக்கும் பெரிய கிளாம்ப் நட்டுக்கு 41, 46 மி.மீ. மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும். சாதாரணப் பெட்டியில் இருக்காது, பைப் ரெஞ்சால் கடித்து வைக்காதீர்கள். அதைத் தளர்த்தினால் ஷாஃப்ட் உள்ளே சறுகி இடம் கொடுக்கும். போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுங்கள். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அந்த அடி நேராக கியர் பாக்ஸின் பேரிங்குக்குப் போகும்.

மாட்டும்போது வட்டில் அம்புக்குறி இருந்தால் அது எந்தப் பிளாஞ்சின் கைக்கு எதிரே வருகிறதோ அந்தக் கையை நோக்கி இருக்க வேண்டும். காரணம் இது: ரப்பருக்குள் ஒவ்வொரு இரண்டு புஷ்ஷையும் சுற்றி நூல் வளையம் இருக்கிறது. வண்டி இழுக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று வளையங்கள் மட்டும் இழுபடுகின்றன. எஞ்சின் பிரேக்கில் மற்ற மூன்று. இழுக்கும் பக்கத்து வளையங்கள் தடிமனாகச் சுற்றப்பட்டிருந்தால் திருப்பிப் போடுவது பலவீனமான பக்கத்தில் முழு பாரத்தையும் ஏற்றுவதாகும்.

நட்டுகள் எல்லாமே புதிது. தானே பூட்டிக்கொள்ளும் நட்டை இரண்டாம் முறை பயன்படுத்தக்கூடாது. முறுக்கும்போது ரப்பர் பக்கம் இருக்கும் தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளாஞ்சு பக்கத்தை மட்டும் திருகுங்கள். மாற்றித் திருகினால் புஷ் சேர்ந்து சுழன்று, மாட்டிய அன்றே வட்டு முறுக்கிக்கொள்ளும். பல வட்டுகள் சீக்கிரம் சாவது இதனால்தான். இறுக்கம் எம்10 போல்ட்டுக்கு 45, எம்12-க்கு 60 நியூட்டன் மீட்டர். கிளாம்ப் நட்டையும் சென்டர் பேரிங் போல்ட்டையும் இப்போதைக்குக் கையால் மட்டும் பூட்டுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி தள்ளிவிட்டால் ஷாஃப்ட் தன் நீளத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகுதான் பேரிங் போல்ட்டை 25-க்கும், கிளாம்ப் நட்டை 30 முதல் 40 வரையிலும் இறுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் வட்டுகள் பிறந்த நாளிலிருந்தே இழுபட்டோ அமுங்கியோ இருக்கும். (பி.எம்.டபிள்யூ. வைத்திருப்பவர்களுக்கு முறை வேறு: சென்டர் பேரிங்கைச் சில மி.மீ. முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். மாடலுக்கு மாடல் அளவு மாறும், கையேட்டைப் பாருங்கள்.)

ரப்பர் வட்டுக்குப் பதிலாகக் கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஆறு துளை போட்டு மாட்டிக் கொடுக்கிறார்கள். நிற்குமா? பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்) வட்டு எப்படி? — வாசகர், திருப்பூர்

பட்டறையிலிருந்து வீடு வரை நிற்கலாம். பெல்ட்டில் துணி அடுக்கு இருப்பது உண்மைதான், ஆனால் துளை போடும் இடத்தில் அந்த நூல்களை அறுத்துவிடுகிறீர்கள். அசல் வட்டில் நூல் அறுபடாமல் புஷ்ஷைச் சுற்றிப் போகிறது. பாரத்தைத் தூக்குவது அதுதான், ரப்பர் அதைக் கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவே. புஷ் இல்லாத துளையில் போல்ட் ரப்பரை அரைத்துத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். வேகத்தில் பிய்ந்தால் ஷாஃப்ட்டின் முனை தளத்தையும் பிரேக், டீசல் குழாய்களையும் அடித்து நொறுக்கும்.

பாலியூரித்தேன் வட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பலமானதுதான். ஆனால் கியர் பாக்ஸின் இரைச்சல் முழுவதும் காருக்குள் வந்துவிடும். பந்தயக்காரர்களுக்கு ஆகும், குடும்ப வண்டிக்கு வேண்டாம்.

பழைய ஜீப்பில் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆடுகிறது. கடையில் மூன்று விதமான கிராஸை எடுத்துப் போட்டு எது என்று கேட்கிறார்கள். — வாசகர், தேனி

மூன்றையும் அளந்தால் விடை கிடைத்துவிடும். கிராஸ் என்பது நான்கு கையிலும் மூடி போட்ட, கூட்டல் குறி வடிவ மூட்டு. அதற்கு இரண்டே அளவுதான்: மூடியின் வெளி விட்டம், எதிரெதிர் மூடிகளின் வெளி முனைக்கு முனை நீளம். உதாரணமாக உலகெங்கும் ஓடும் 1310 தொடரில் மூடி 27 மி.மீ., நீளம் 81.8 மி.மீ. வெர்னியரில் இந்த எண் வந்தால் "1310 கிராஸ்" என்று கேட்டு வாங்கிவிடலாம், வண்டிப் பெயரே தேவையில்லை. ஸ்பைசர் போன்ற தெரிந்த தயாரிப்பாக வாங்குங்கள். மூடியை வெளியிலிருந்து பூட்டும் சர்க்ளிப்பா (மூடி கழலாமல் பிடிக்கும் வளையம்), யோக்கின் (கிராஸைப் பிடிக்கும் இரண்டு காதுள்ள கவை) உட்பக்கம் பூட்டுவதா என்று பாருங்கள். உட்பக்கம் என்றால் நீளத்தை முனையில் அளக்காமல் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் நடு உடம்பில் இருக்கிறதா, மூடியிலா என்பதையும் பாருங்கள். தவறான பக்கம் வந்தால் கிரீஸ் கன் நுழையாது.

பழையதைக் கழற்றியதும் நான்கு கைகளிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசி பேரிங் பதிந்த வரிப்பள்ளம் தட்டுப்பட்டால் கிரீஸ் போகவில்லை என்று பொருள். மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத் தூள் படிந்திருப்பதும் அதற்கே சாட்சி.

புதிய மூடிகளை அழுத்தப் பெஞ்ச் வைஸ் போதும். ஒரு பக்கம் மூடியைவிடச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் மூடி உள்ளே விழும் அளவுள்ள பெரிய சாக்கெட். கிராஸின் கையை மூடிக்குள் நுழைத்தபடியே அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு ஊசி சாய்ந்து மூடியின் அடியில் விழும். சர்க்ளிப் பள்ளம் கடைசி ஒரு மி.மீ. தெரியாமல் அடம்பிடித்தால் அந்த ஊசியே காரணம். மேலும் அடிக்காமல் வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸில் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். எல்லாம் பூட்டியபின் கிராஸ் விறைப்பாக இருந்தால் யோக்கின் காதுகளைச் செப்புச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மூடிகள் சர்க்ளிப்பில் போய் உட்கார்ந்து தளரும். என்.எல்.ஜி.ஐ. 2 தர லித்தியம் இ.பி. கிரீஸை நான்கு மூடியிலும் பிதுங்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து நான்காவதில் வரவில்லையென்றால் அந்தக் கைக்குக் கிரீஸ் போகவில்லை. ஷாஃப்ட்டை அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டே அடித்துப் பாருங்கள்.

மூடி விரலாலேயே யோக்குக்குள் இறங்கினால் யோக் துளை தேய்ந்துவிட்டது. துளையைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்குவது ஊரெங்கும் நடக்கிறது; அந்தப் புள்ளிகள் சில நாளில் மழுங்கி மறுபடி ஆடும். யோக்கை மாற்றுங்கள்.

கிராஸ் மாற்றியதிலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி நடுங்குகிறது. முன்பு இப்படி இல்லை. — வாசகர், தர்மபுரி

ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட்டின் இரு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வெட்டிய இடம்) ஷாஃப்ட்டைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். ஒரு கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். அதை எதிர்முனையில் இருக்கும் கிராஸ் சரிசெய்ய வேண்டுமானால், ஒரே ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டைத் தரையில் வைத்து ஒரு முனையின் காதுகளை நிலைக்குத்தாக நிறுத்துங்கள், மறுமுனையும் அப்படியே நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பல ஷாஃப்ட்டுகளில் இதற்காகவே அம்புக்குறி குத்தியிருப்பார்கள், மண்ணைச் சுரண்டினால் தெரியும்.

அது சரியாக இருந்தால் ஷாஃப்ட்டில் வெல்டு செய்த பேலன்ஸ் தகடு விழுந்திருக்கிறதா பாருங்கள். தகடு இருந்த இடத்தில் பளபளப்பான சதுரத் தடம் இருக்கும். அதையும் கடந்தால் கோணம். ஸ்பிரிங் பட்டையை உயர்த்தியிருக்கிறீர்களா, அதன் முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளை நீளமாகப் போட்டிருக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. கைபேசியின் மட்டக் கருவியைப் பிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் வைத்து அளந்தால், முன் கிராஸின் கோணமும் பின் கிராஸின் கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். கோணமே இல்லாமல் நேர்க்கோட்டில் வைப்பதும் தப்பு. அரை டிகிரியாவது இருந்தால்தான் ஊசிகள் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று பள்ளம் தோண்டும்.

முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார். வளைவில் 'கட கட' சத்தம். ஷாஃப்ட் முழுவதும் மாற்ற வேண்டுமா? — வாசகி, நாகர்கோவில்

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சத்தம் என்றால் சக்கரத்துப் பக்கத்து சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் அதைச் சீராகச் சுழற்றும் மூட்டு). நேராகப் போகும்போது வேகம் கூட்டினால் நடுங்கினால் உள்பக்கத்து ஜாயின்ட். வெளி ஜாயின்ட்டை மட்டும் மாற்றலாம். வாங்குமுன் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஸ்ப்ளைனில் எத்தனை பல், ஏ.பி.எஸ். வளையம் இருந்தால் அதில் எத்தனை பல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே கார், வேறு வருடம் என்றால் இந்த எண்ணிக்கை மாறலாம். பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து மணல் போயிருந்தால் கழுவிக் கிரீஸ் போட்டு ஓட்டுவது வீண் வேலை. கிழிந்து இரண்டு நாளுக்குள் கண்டுபிடித்தால் மட்டும் பூட் மாற்றிப் பிழைக்கலாம். கிட்டில் வரும் மாலிப்டினம் கிரீஸ் முழுவதையும் உள்ளே வையுங்கள், பாதியை மிச்சம் பிடிக்காதீர்கள். நடு நட்டு தளர்ந்த நிலையில் சக்கரத்தைத் தரையில் உருட்டக்கூடாது, ஹப் பேரிங் போய்விடும்.

புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் வாங்கலாமா? — வாசகர், வேலூர்

இரும்பு பாகங்கள் வாங்கலாம்: யோக், பிளாஞ்சு, ஷாஃப்ட் குழாய். குழாயில் பள்ளம் விழுந்ததை விடுங்கள். ஸ்ப்ளைனை உள்ளே விட்டுத் திருகிப் பார்த்து ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். இரண்டு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் கோணலைப் பார்த்துத் தரும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பேலன்ஸ் செய்த பிறகே மாட்டுங்கள். ரப்பர் வட்டு, சென்டர் பேரிங் ரப்பர், பூட் மூன்றையும் அங்கே வாங்கவே வேண்டாம். வெளியே கறுப்பாக மினுக்க டயர் பாலிஷ் தடவி வைத்திருப்பார்கள்; நூல் அறுந்திருப்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.